ரசீதில் ‘மோகென்சன்’ என்று எழுதியிருக்கும் தோல் சோபா: யார் வடிவமைத்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஒரு பழைய சாமான் கடையில் மூன்று பேர் உட்காரும் பழுப்புத் தோல் சோபா வாங்கியிருக்கிறீர்கள். கடைக்காரர் ரசீதில் ‘மோகென்சன், 1960கள்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். மோகென்சன் பெயர்பெற்ற டேனிஷ் மரச்சாமான் வடிவமைப்பாளர். அடியில் ஒரு சின்ன வட்ட முத்திரையைத் தவிர வேறு எழுத்து எதுவும் உங்கள் கண்ணில் படவில்லை. வடிவமைத்தது யார் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரிகளில், போகிற போக்கில், இன்னும் சில விஷயங்களையும் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு மெத்தையில் தோல் கிழிந்திருக்கிறது. குஷன் வேலை செய்பவர் மொத்தத்தையும் உரித்துவிட்டு, ஃபோம் வைத்துப் புதுத் தோல் போட்டுத் தருகிறேன் என்கிறார். அடுத்த வருடம் கோவைக்குத் திரும்பும்போது சோபாவையும் கொண்டுபோகும் எண்ணம் இருக்கிறது. அப்படியென்றால் பெயர் தெரிய வேண்டியது ஆர்வத்துக்காக மட்டும் இல்லை; உரிக்கலாமா வேண்டாமா என்பதே அதை வைத்துத்தான் முடிவாகும். ஆகவே இதைப் படித்து முடிக்கும் வரை அவரை ஓர் ஆணியைக்கூடத் தொட விடாதீர்கள்.

நான் டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஒரு மெத்தைப் பட்டறையில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பழைய சோபாக்களையும் நாற்காலிகளையும் பிரித்துக் கட்டி வருகிறேன். கலை வரலாறு படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தது சோபாவின் அடிப்பக்கம். அங்கிருந்து பார்த்துச் சொல்கிறேன்: நீங்கள் போட்ட நான்கு படங்களை வைத்து அது மோகென்சனுடையது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. டேனிஷ் சோபாவில் வடிவமைத்தவரைத் தேடுவதற்கு முன்னால் அதைச் செய்த பட்டறையைத் தேட வேண்டும். பட்டறை தெரிந்துவிட்டால் பெயர் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும். பெயரில் தொடங்கிப் பட்டறைக்குப் போகிறவர்கள் தங்கள் மனதுக்குப் பிடித்த பெயரையே கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள்.

இதற்கு டென்மார்க்கில் தொழில் நடந்த விதமே காரணம். 1924இல் கோரே கிளின்ட் கோபன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் மரச்சாமான் வடிவமைப்புக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். 1927இலிருந்து 1966 வரை கோபன்ஹேகன் தச்சர் சங்கம் வருடாவருடம் கண்காட்சி நடத்தியது. வரைகிறவரும் செய்கிறவரும் அங்கே ஜோடி சேர்ந்தார்கள். வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னருக்குத் தச்சர் யொஹானெஸ் ஹான்சன், வடிவமைப்பாளர் ஃபின் யூலுக்குத் தச்சர் நீல்ஸ் வொடர். ஆனால் மரத்தில் சூட்டுக்கோல் முத்திரை போடும் உரிமை தச்சருடையது, சீட்டு ஒட்டும் உரிமை தொழிற்சாலையுடையது. வரைந்தவர் பெயர் பொருளிலேயே இருப்பது அபூர்வம். நீல்ஸ் வொடரின் முத்திரையில் ‘வடிவம்: ஃபின் யூல்’ என்றும் சேர்த்துச் சுட்டிருப்பார்கள், அந்த மாதிரி ஒன்று கையில் கிடைத்தால் தேடல் அன்றைக்கே முடிந்துவிடும். உங்களுடையது அந்த வகை இல்லை.

பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊரில் அப்பா பெயர் முன்னெழுத்தாக நிற்கிற மாதிரி, இங்கே அது ‘சன்’ என்று பின்னால் ஒட்டிக்கொண்டது. ஹான்ஸின் மகன் ஹான்சன், மோகென்ஸின் மகன் மோகென்சன். பிறகு அதுவே குடும்பப் பெயராக உறைந்துவிட்டதால் நாடு முழுக்க ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். கார்ல் ஹான்சன், ஃப்ரிட்ஸ் ஹான்சன், யொஹானெஸ் ஹான்சன் என்று மூன்று வெவ்வேறு நிறுவனங்கள். நீல்ஸ் வொடர் தச்சர், ஆர்னெ வொடர் வடிவமைப்பாளர். இதில் உங்களுக்கு நேரடியாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. மோகென்ஸ் ஹான்சன் என்ற பெயரிலும் ஒரு தயாரிப்பாளர் உண்டு. அவர்களும் பெட்டி வடிவத் தோல் சோபாக்களை நிறையச் செய்தார்கள், நன்றாகவும் செய்தார்கள். ‘மோகென்ஸ்’ என்று யாரோ சொன்னது ‘மோகென்சன்’ ஆகி ரசீதில் ஏறிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு முன்னால் இருந்தவர் சொன்னதை அவர் எழுதியிருக்கலாம்.

அடுத்து அந்த வட்ட முத்திரை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘டேனிஷ் ஃபர்னிச்சர்மேக்கர்ஸ் கன்ட்ரோல்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இது வடிவமைத்தவரின் குறியும் இல்லை, செய்தவரின் குறியும் இல்லை. டேனிஷ் மரச்சாமான் உற்பத்தியாளர்கள் சேர்ந்து 1959இல் ஏற்படுத்திய தரக் கட்டுப்பாட்டின் அடையாளம். இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. சோபா டென்மார்க்கில் செய்யப்பட்டது. 1959க்கு முன்னால் செய்யப்பட்டது இல்லை. அந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்ட ஏதோ ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. அந்தத் தொழிற்சாலைகள் நிறைய. ஆகவே முத்திரையைப் பார்த்து ‘இது பெரிய பெயர்தான்’ என்று முடிவு கட்ட இடமில்லை. ஆனால் தரமான பொருள் என்று நிம்மதி அடையலாம், அது வீண்போகாது.

இப்போது உங்கள் சோபாவின் வடிவத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கஷ்டமே அங்கேதான். டேனிஷ் சோபாக்களை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்வேன்: எலும்பு வெளியே தெரிகிறவை, எலும்பு தோலுக்குள் மறைந்தவை. முதல் வகையை அடையாளம் காண்பது அவ்வளவு சிரமம் இல்லை. வெக்னர் 1953இல் கெடாமா நிறுவனத்துக்கு வரைந்த ஜிஇ 290 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கைப்பிடி துடுப்பு மாதிரி தட்டையாக அகன்று வரும், முதுகுப் பக்கத்தில் மரச் சட்டங்கள் வெளியே தெரியும். கைப்பிடியும் காலும் சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். (கெடாமா என்பது கெட்ஸ்டெட் ஊர், கடற்பாசி, மெத்தை ஆகிய டேனிஷ் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வந்த பெயர். அவர்கள் கடற்பாசி அடைத்து மெத்தை செய்து தொடங்கியவர்கள்.) மோகென்சனே 1945இல் வரைந்த கம்பிச் சோபா இன்னொன்று. பக்கங்களில் மெல்லிய மரக் கம்பிகள் நிற்கும், ஒரு பக்கத்துக் கையைத் தோல் வாரைத் தளர்த்திச் சாய்த்துப் படுக்கலாம். இவற்றில் மரமே கையெழுத்து. தச்சன் ஒரு மூட்டை எப்படி முடித்தான் என்பதை இன்னொருவன் அப்படியே நகல் எடுப்பது கடினம், செலவும் அதிகம்.

உங்களுடையது இரண்டாவது வகை. நேரான பக்கங்கள், நேரான முதுகு, உள்ளே ஆறு தனி மெத்தைகள், கீழே எளிமையான மரக் கால்கள். மோகென்சன் 1962இல் தன் சொந்த வீட்டுக்காக வரைந்து, ஃப்ரெடெரிசியா ஸ்டோலெஃபப்ரிக் என்ற தொழிற்சாலை உற்பத்தி செய்த 2213 என்ற மாடல் இப்படித்தான் இருக்கும். அதன் இருவர் சோபா 2212. அந்தத் தொழிற்சாலையை 1955இல் ஆந்திரேயாஸ் கிரவர்சன் வாங்கினார். மோகென்சன் 1972இல் இறக்கும் வரை இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். 2213 எனக்கு மிகவும் பிடித்த சோபா. அலங்காரம் என்று எதையும் காட்ட முடியாது. இருக்கையின் ஆழம், பக்கங்களின் உயரம், மெத்தையின் தடிமன் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கிற அழகு மட்டும்தான் அதில் இருக்கிறது. அந்த எளிமையால்தான் அதைப் பின்பற்றுவதும் எளிதானது. 1960களிலும் 70களிலும் மோகென்ஸ் ஹான்சன், ஸ்டௌபி முதலான பல நிறுவனங்கள் இதே பெட்டி வடிவில் சோபா செய்தன. தோல், இறகு மெத்தை, மரக் கால் எல்லாம் ஒன்றுதான். முன்னால் நின்று எடுத்த படத்தில் இவற்றைப் பிரித்துச் சொல்கிறேன் என்று யாராவது சத்தியம் செய்தால் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல தொழிற்சாலைகளில் சோபாவை வரைந்தது வெளியிலிருந்து வந்த ஆர்கிடெக்ட் இல்லை, அங்கேயே வேலை பார்த்த மேஸ்திரியும் முதலாளியும் சேர்ந்து உட்கார்ந்து அளவு போட்டதுதான். அந்த மாதிரி சோபாவுக்கு ‘வடிவமைத்தவர் யார்’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எவ்வளவு தேடினாலும் தொழிற்சாலையின் பெயரோடு நிற்க வேண்டியதுதான். உங்கள் தேடலும் அங்கே முடியக்கூடும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்து பார்க்கலாம்? இரண்டு பேர் சேர்ந்து சோபாவை முதுகுப் பக்கமாக மெதுவாகச் சாயுங்கள். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், சட்டத்தைப் பிடியுங்கள். அடியில் கறுப்புத் துணி அடித்திருக்கும். அதைக் கிழிக்க வேண்டாம். ஒரு மூலையில் மூன்று நான்கு ஆணிகளை மட்டும் நெம்பி எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டத்தின் உட்பக்கத்தில் பென்சிலாலோ சாக்பீஸாலோ ஓர் எண் எழுதியிருக்கலாம், மையால் அடித்த முத்திரை இருக்கலாம். அப்புறம் ஆறு மெத்தைகளையும் எடுத்துவிட்டு, அவை உட்காரும் துணியின் விளிம்பு முழுவதும் கை விட்டுத் தடவுங்கள். ஒவ்வொரு மெத்தையின் ஜிப்பையும் திறந்து, உறையின் உள்தையலைப் பாருங்கள். துணிச் சீட்டுகளை அங்கே தைக்கும் வழக்கம் உண்டு. வெளியே ஒட்டிய காகிதச் சீட்டு உதிர்ந்தாலும் அதன் பசைத் தடம் மரத்தில் நிறம் மாறி நிற்கும். தடத்தின் வடிவமும் அளவும்கூடச் சில சமயம் உதவும், அதையும் படம் எடுங்கள்.

ஏதாவது சீட்டு கிடைத்தால் அதிலிருக்கும் விலாசத்தைக் கவனியுங்கள். டென்மார்க்கில் நான்கு இலக்க அஞ்சல் எண் வந்தது 1967இல். ஊர்ப் பெயருக்கு முன்னால் அந்த எண் இருந்தால் சீட்டு 1967க்கு முன்னால் அச்சானது இல்லை. எண் இல்லாவிட்டால் அது பழைய சீட்டு என்று உடனே சொல்லிவிட முடியாது, பழைய கட்டுச் சீட்டுகளைத் தீரும் வரை ஒட்டுவார்கள். அதே மாதிரி ‘ஃப்ரெடெரிசியா ஸ்டோலெஃபப்ரிக்’ என்று முழுப் பெயர் இருந்தால் பழைய காலத்தது. ‘ஃப்ரெடெரிசியா ஃபர்னிச்சர்’ என்பது அந்த நிறுவனத்தின் பிற்காலப் பெயர். சீட்டில் இருப்பது விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம், அதைத் தயாரிப்பாளர் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். இப்படித் தயாரிப்பாளர் பெயரை வைத்தே காலம் சொல்வது மற்ற சோபாக்களிலும் நடக்கும். ‘ஃப்ரான்ஸ் அன்ட் டாவர்கோசன்’ என்று உலோக வில்லை இருந்தால் 1957க்கு முன்னால் செய்தது; அதன் பிறகு அவர்கள் ‘ஃப்ரான்ஸ் அன்ட் சன்’ ஆகிவிட்டார்கள். அங்கேயும் வில்லை தொழிற்சாலையைத்தான் சொல்லும். ஃபின் யூல், கிரெதே யல்க், பீட்டர் வித் எல்லோருமே அவர்களுக்கு வரைந்தவர்கள், மாடல் எண் இல்லாமல் யாருடையது என்று பிரிக்க முடியாது.

அளவும் எடுங்கள். டேப்பை இரண்டு கைகளின் வெளி விளிம்பிலிருந்து பிடித்து மொத்த அகலம், பிறகு ஆழம், உயரம், தரையிலிருந்து சட்டம் வரை காலின் உயரம். 2213 சுமார் 220 சென்டிமீட்டர் அகலம். உங்களுடையது 195 என்றோ 205 என்றோ வந்தால் அது 2213 இல்லை. 220ஐ ஒட்டி வந்தால் பெயர் உறுதியாகிவிடாது, மேற்கொண்டு பார்க்கலாம் என்று மட்டும் அர்த்தம். அளவு ஒரு மாடலை நீக்க நன்றாக உதவும், நிரூபிக்க உதவாது. இதை நான் ஒரு தவறுக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

பட்டறையில் சேர்ந்து ஏழெட்டு வருடம் ஆன சமயம். ஒரு வயதான அம்மா பழைய தோல் சோபா ஒன்றைக் கொண்டுவந்தார். அகலம் சரியாக இருந்தது, தோலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டு நாள்பட நிறம் ஏறிய நல்ல தோல். 2213தான் என்று சொல்லிவிட்டேன். அவர் அதை நம்பித் தன் பிள்ளைகளிடம் சொல்லி, யாருக்குச் சேர வேண்டும் என்றுகூட எழுதி வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு கையின் தோலைப் பிரித்தபோது சட்டத்தில் வேறொரு தொழிற்சாலையின் பெயர் மையில் அழகாக அடித்திருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சொன்ன அந்தத் தொலைபேசிப் பேச்சு இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து சட்டத்தில் எழுத்தைப் பார்க்காமல் யாருக்கும் நான் பெயர் சொல்வதில்லை. ‘அந்த வடிவில் செய்தது’ என்று மட்டும் சொல்வேன்.

மரம், ஸ்பிரிங், திருகாணி இவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். போருக்குப் பிறகு தாய்லாந்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் தேக்கு வந்து குவிந்ததால் 1950களிலும் 60களிலும் கால்களைத் தேக்கில் செய்வது எங்கும் பரவியிருந்தது. (ஆங்கிலத்தின் ‘டீக்’ என்ற சொல் நம் பக்கத்துத் தேக்கிலிருந்துதான் போர்த்துகீசியர் வழியாகப் போனது.) எல்லாத் தொழிற்சாலையும் ஒரே மரத்தை வாங்கினால் மரம் யாரைக் காட்டிக் கொடுக்கும்? சணல் நாடாவும் கையால் கட்டிய ஸ்பிரிங்கும் பழைய முறை, ரப்பர் நாடாவும் வளைகம்பி ஸ்பிரிங்கும் பிந்தியவை என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் நடுவில் யாராவது ஒருமுறை பிரித்துக் கட்டியிருந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சட்டத்தில் தோல் அடித்த இடத்தில் ஒரு வரிசைக்கு மேல் பழைய ஆணித் துளைகள் இருந்தால், இப்போது இருக்கும் தோல் முதல் தோல் இல்லை. உங்கள் சோபாவில் மூலையைத் திறக்கும்போது இதை மறக்காமல் பாருங்கள்.

ரசீதில் இருக்கும் ‘1960கள்’ என்பது தனிக் கேள்வி. 2213ஐ ஃப்ரெடெரிசியா இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே அது உண்மையிலேயே மோகென்சன் சோபாவாக இருந்தாலும் 1964இலும் செய்திருக்கலாம், 1994இலும் செய்திருக்கலாம். இரண்டுமே அசல்தான். விலையில் வித்தியாசம் வரும், காப்பீட்டுக்கு எழுதும்போது அந்த வித்தியாசம் முக்கியம்.

எழுத்து ஏதாவது கிடைத்தால் இரண்டு இடங்களுக்குப் போகலாம். ஒன்று கோபன்ஹேகனில் இருக்கும் டிசைன்மியூசியம் டென்மார்க் என்ற வடிவமைப்பு அருங்காட்சியகம். டேனிஷ் மரச்சாமான்களுக்கென்று படங்களோடு ஒரு பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர், தயாரித்தவர், வருடம் என்று தேடலாம். இன்னொன்று ஃப்ரெடெரிசியா நிறுவனமே. அளவுகளையும் சட்டத்தின் படங்களையும் சேர்த்து, தேவையானதை மட்டும் சுருக்கமாக எழுதிக் கேளுங்கள். ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பக்கங்களையும் பார்க்கலாம், ஆனால் ‘மோகென்சன்’ என்பதற்கும் ‘மோகென்சன் பாணியில்’ என்பதற்கும் உள்ள தூரத்தை நினைவில் வைத்துப் படியுங்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் முழு விஷயமும் இருக்கிறது.

இனி கிழிந்த மெத்தை. யார் வடிவமைத்திருந்தாலும் என் பதில் ஒன்றுதான்: முழுதாக உரிக்காதீர்கள். ஒரு மெத்தை கிழிந்ததற்கு ஆறு மெத்தையையும் சட்டத்தையும் மாற்றுவது தேவையில்லாத வேலை. கிழிசலுக்கு உள்பக்கமாகத் தோல் ஒட்டுப் போட்டு, தையலைப் பழைய ஊசித் துளைகள் வழியாகவே திரும்ப ஓட்டலாம். கையால் செய்தால் ஒரு நாள் வேலை. உள்ளே இறகு இருந்தால் அதை எறிந்துவிட்டு ஃபோம் வைக்கச் சம்மதிக்க வேண்டாம். இறகு மெத்தை உட்கார்ந்தால் அமுங்கி, எழுந்தால் தட்டி நிமிர்த்த வேண்டியது. அந்தத் தளர்ச்சி அந்த வடிவத்தின் பாதி. ஃபோம் வைத்த பெட்டி சோபா ரயில்வே பெஞ்ச் மாதிரி விறைத்து நிற்கும். இறகு குறைந்திருந்தால் உள் உறையைப் பிரித்துப் புது இறகு சேர்த்துக்கொள்ளலாம். என்ன வேலை செய்தாலும் கழற்றிய தோல் துண்டு, சீட்டு, ஆணி எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, சட்டத்துக்குள்ளேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

கோவைக்குக் கொண்டுபோவதைப் பற்றி ஒரு விஷயம். கால்கள் தேக்கோ ஓக்கோ மகோகனியோ என்றால் மரத்தால் சிக்கல் வராது. கருஞ்சிவப்பில் கறுப்புக் கோடுகள் ஓடினால் அது பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம். அது 1992 முதல் சைட்டிஸ் என்ற, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. படத்தில் உங்கள் கால்கள் தேக்கு மாதிரித்தான் தெரிகின்றன, ஆனால் மெருகு பூசிய மரத்தைப் படத்தில் பார்த்துச் சொல்வதை நீங்கள் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காலைக் கழற்றி, மேல் முனையில் மெருகு படாத இடத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கப்பலில் அனுப்பும்போது தோலின் மேல் நேரடியாக பிளாஸ்டிக் சுற்ற வேண்டாம், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணி சுற்றி அதற்கு மேல் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் மூலையைத் திறந்து பார்த்துவிட்டு, நான்கு அளவுகளையும், சட்டத்தின் உட்பக்கம், ஆணித் துளைகள், கால் முனை, மெத்தை உறையின் உள்தையல் ஆகியவற்றின் படங்களையும் இங்கேயே போடுங்கள். டேனிஷில் பாதி அழிந்த எழுத்து ஏதாவது இருந்தாலும் போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.